வெயிலுக்கு ஏத்த சென்ட்

நன்றாகத்தான் இருக்கிறது. அதைச் சொல்ல எனக்கென்ன தயக்கம், இருபத்தாறு வருஷமாக மூக்கை வைத்துச் சோறு தின்கிறவள், நல்ல வாசத்தை நல்ல வாசம் என்று சொல்லாவிட்டால் எனக்கே ஒட்டாது. அந்தக் கடைப் பெண் ஓர் அட்டைச் சீட்டில் ஒரு பீச்சு பீச்சி, இரண்டு தடவை விசிறிவிட்டு என்னிடம் நீட்டினாள். எலுமிச்சைத் தோலை நகத்தால் கிள்ளினால் கண்ணில் தெறிக்குமே, முதலில் அது வந்தது. அதன் முதுகிலேயே நார்த்தை இலை. கொஞ்சம் பொறுத்து, உரித்த கமலா ஆரஞ்சு. கனமில்லாத வாசம். மதுரையில் மே மாசத்துக் கத்திரி வெயிலில் சந்தனம், மல்லிகை என்று எதையாவது பூசிக்கொண்டு போனால் தலைவலிதான் மிஞ்சும், இது அப்படியில்லை, ஈரத் துண்டால் கழுத்தைத் துடைத்த மாதிரி இருக்கிறது. சட்டையில் ரோஸ்லின் என்று பெயர் குத்தியிருந்த அந்தப் பெண், இது லைட்டு மேடம், சம்மருக்குன்னே வந்தது, ஆபீஸ் போறவங்க எல்லாம் இதைத்தான் வாங்குறாங்க என்றாள். என்னைப் பார்த்து ஆபீஸ் என்று சொல்ல அவளுக்கும் கொஞ்சம் சங்கடமாக இருந்திருக்கும். நான் கம்பெனியிலிருந்து நேராக வந்திருந்தேன். சனிக்கிழமை அரை நாள். கையையும் முகத்தையும் மூன்று தடவை சீயக்காய் போட்டுக் கழுவி, கொண்டுபோயிருந்த மாற்றுச் சேலையைக் கட்டிக்கொண்டுதான் இந்த மாலுக்குள் நுழைந்தேன். சுத்தமாகத்தான் இருந்தேன். ஆனாலும் மூக்கைத் தெளியவைக்க என்று காபிக்கொட்டைக் கிண்ணத்தை என் பக்கம் தள்ளியபோது அவள் அரை அடி பின்னால் நகர்ந்ததை நான் பார்த்துவிட்டேன். நகரட்டும். பஸ்ஸில் நகராதவர்களா. காபிக்கொட்டை எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு என் முந்தானையை எடுத்து முகர்ந்துகொண்டேன். எங்கள் வேலையில் அப்படித்தான், ஒரு வாசமும் இல்லாத துணியை முகர்ந்தால் மூக்கு பழையபடி வந்துவிடும். ரோஸ்லின் வேறு பக்கம் பார்த்தாள்.

பெருங்காயக் கம்பெனியில் வேலை. சொல்லிவிட்டேன், இனி யார் கேட்டாலும் இப்படித்தான் சொல்லப்போகிறேன். ஆப்கானிஸ்தானிலிருந்து மூட்டையில் வருகிற பச்சைக் காயம் களிமண் மாதிரி கையில் ஒட்டும், புதிதாக வருகிறவர்களுக்குக் குமட்டும், முதல் நாளே வாந்தியெடுத்து மறுநாள் வராமல் போனவர்கள் எத்தனையோ பேர். அதோடு பிசினும் மைதாவும் சேர்த்துப் பிசைந்து காயவைத்தால்தான் நீங்கள் கடையில் வாங்குகிற கட்டி. எந்த மூட்டை எவ்வளவு மைதா தாங்கும் என்று சொல்கிறவள் நான். ஒரு கிள்ளு எடுத்து உள்ளங்கையில் தேய்த்து, முகர்ந்து, வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றுவிட்டு வந்து திரும்ப முகர்ந்து சொல்வேன். முதலாளியின் மகன் ஏதோ மெஷின் வாங்கி வைத்திருக்கிறார், அது எண் காட்டும், எண்ணைப் பார்த்துவிட்டு அவரே வேலுத்தாயக்காவைக் கூப்பிடுங்க என்பார். அப்படிப்பட்ட மூக்குக்குத்தான் என் மகள் இலக்கியா இன்றைக்கு மத்தியானம் போனில் எழுதி அனுப்புகிறாள்: ம்மா, வர்றப்ப ஒரு லைட்டான சென்ட் வாங்கிட்டு வா, எலுமிச்சை ஆரஞ்சு மாதிரி, வெயிலுக்கு ஏத்தது, நாளைக்கு ஏசி கார்ல போறோம்ல. அவ்வளவுதான். முதல் தடவை படித்தபோது ஒன்றும் தோன்றவில்லை, சரி வாங்கிவிடலாம் என்றுதான் நினைத்தேன். இரண்டாம் தடவை படித்தபோது அந்தக் கடைசி வரியில் கால் இடறியது. ஏசி கார்ல போறோம்ல. கண்ணாடி ஏற்றின கார். உள்ளே ஐந்து பேர். அதற்குள் நான்.

காரில் போவது எங்கே என்றால், மாப்பிள்ளைப் பையன் தினகரின் குலசாமி கோயிலுக்கு. அருப்புக்கோட்டை தாண்டி உள்ளே போகவேண்டும், ஒன்றரை மணி நேரம். இலக்கியா வேலை செய்கிற கம்ப்யூட்டர் கம்பெனியில்தான் தினகரும். ஒருவருக்கொருவர் பிடித்து, இரண்டு வீட்டிலும் சொல்லி, அவர்கள் பக்கத்தில் நாள் குறிப்பதற்கு முன்னால் பெண்ணையும் பெண்ணைப் பெற்றவளையும் சாமி முன்னால் நிறுத்திவிட்டு வருவது வழக்கமாம். சாமி முன்னால் நிற்க எனக்கென்ன பயம். காருக்குள் உட்காரத்தான் பயம். அவர்கள் வீட்டு மூன்று பேரும் என் பக்கம் திரும்பாமல் முன்னாலேயே பார்த்துக்கொண்டு வருவார்கள், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள், நல்ல மனிதர்கள், சொல்லமாட்டார்கள், திரும்பி வந்த பிறகு தங்கள் வீட்டுக்குள் பேசிக்கொள்வார்கள். போன வாரம் பையனின் அம்மா போனில் பேசினார்கள். நீங்க ஃபுட் கம்பெனியில இருக்கீங்களாமே, பாப்பா சொல்லுச்சு என்றார்கள். நான் என்ன சொல்லியிருக்கவேண்டும். ஆமாங்க என்றேன். அந்த ஆமாங்க ஒரு வாரமாகத் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. இட்லிக்கடையும் ஃபுட் கம்பெனி, பிஸ்கட் கம்பெனியும் ஃபுட் கம்பெனி, நான் எது. இருபத்தாறு வருஷம் பிசைந்து, அவளை இன்ஜினியரிங் படிக்கவைத்து, கடைசியில் அவள் வாயில் நான் ஃபுட் கம்பெனி. இப்போது அது போதாதென்று எலுமிச்சைத் தண்ணீர். அவள் சின்னப்பிள்ளையாக இருந்தபோது பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு நீ வரவேண்டாம், வெயில் என்றாள். அன்றைக்கும் வெயிலைத்தான் சொன்னாள்.

ரோஸ்லின், போட்டுப் பாருங்க மேடம் என்று என் மணிக்கட்டில் இரண்டு பீச்சு பீச்சினாள். அட்டையில் இருப்பதும் ஆள்மேல் இருப்பதும் வேறு வேறு, அதை அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியவேண்டுமா. இப்படிப் பட்டவுடனே ஒன்றையும் சொல்லக்கூடாது பாப்பா, அரை மணி நேரம் ஆகட்டும், ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்து சொல்கிறேன் என்றேன். அவள் என்னை வாங்காமல் போகிற கூட்டத்தில் சேர்த்துவிட்டாள் என்று முகத்திலேயே தெரிந்தது. பாட்டில் விலை இரண்டாயிரத்துச் சொச்சம், அது அவளுக்கும் தெரியும் எனக்கும் தெரியும். விலைக்காக நான் போகவில்லை. ஒரு சரக்கை வாங்கலாமா வேண்டாமா என்று கேட்டால் அதற்கு ஒரு முறை இருக்கிறது, யார் காசாக இருந்தாலும் முறை மாறாது. நகர்கிற படிக்கட்டில் ஏறப் பயந்து ஓரமாக நடந்தேன். பத்து நிமிடத்தில் எலுமிச்சை மெலிந்து நூலாகிவிட்டது. எலுமிச்சை எப்போதும் முதலில் ஓடிப்போகிற சரக்கு. நார்த்தை இலை கொஞ்சம் தாக்குப்பிடித்தது. பிறகு சோப்பு. நல்ல சோப்புதான், வெளுத்த வேட்டி மாதிரி. அதற்கு அடியில் என்ன இருக்கிறது என்று மணிக்கட்டை மூக்கோடு அழுத்திப் பார்த்தேன், ஒன்றுமே இல்லை. அடி இல்லாத வாசம். எங்கள் கட்டி ஒன்றை டப்பாவில் போட்டு மூடி வைத்தால் இரண்டு வருஷம் கழித்துத் திறந்தாலும் ஆளை நிறுத்திக் கேள்வி கேட்கும். இது இருபது நிமிடம். இருந்தாலும் அந்த இருபது நிமிடம் சும்மா சொல்லக்கூடாது, நன்றாக இருந்தது.

துணிக்கடைக்கு எதிரே ஒரு பெஞ்சு. ஏற்கெனவே ஒரு வயதான தம்பதி உட்கார்ந்திருந்தார்கள். நான் ஓரமாக உட்கார்ந்தேன். ஏசிக் காற்று நேராகத் தலைமேல் விழுந்தது. நாளைக்குக் காரிலும் இப்படித்தான் விழும். அவர், என் வீட்டுக்காரர் மனோகரன், லாரி ஓட்டினார். நான்கு நாள் லோடு போய்விட்டு வந்து படுத்தால் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுப்பார். களைப்பு என்று நினைத்தேன். பிறகு ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, சட்டியில போடுறதக் கட்டில்ல கொண்டாந்து வச்சிருக்கியேடி என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், நானும் சிரித்தேன். இலக்கியாவுக்கு ஐந்து வயது ஆகும்போது திருப்பூரில் வேறொருத்தியோடு இருப்பது தெரிந்தது. போய்க் கேட்டதற்கு, அந்த நாத்தத்துல மனுசன் படுப்பானா என்று தெருவே கேட்கச் சொன்னார். அவள் என்ன வாசம் அடித்தாளோ. நான் வேலையை விட்டிருந்தால் அவர் இருந்திருப்பாரா என்று எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்துவிட்டேன், இருந்திருக்கமாட்டார், அவர் போகிற ஆள், போவதற்கு ஒரு காரணம் வேண்டும், கையில் கிடைத்ததைக் காரணமாக வைத்தார். இதெல்லாம் தெரியும். தெரிந்தும் பயம் போகவில்லை. ஒரு கல்யாணம் இந்த வாடையில் போனது. இன்னொரு கல்யாணமும் இதே வாடையில் போனால். என் கல்யாணம் போனால் போகிறது என்று விட்டேன், இவளுடையதை அப்படி விடமுடியுமா. இரண்டாயிரம் ரூபாய் பாட்டில் ஒன்று அதைக் காப்பாற்றும் என்றால் வாங்கிக் கவிழ்த்துக்கொண்டு போனால் என்ன குறைந்துவிடும். குறையும். எனக்குக் குறையும். ஆனால் அவளுக்காக என் மானத்தில் கொஞ்சம் குறைந்தால்தான் என்ன. இப்படியே சுற்றிச் சுற்றி அதே இடத்தில் வந்து நின்றேன்.

அப்போதுதான் பக்கத்தில் இருந்த பெரியவர் மூக்கை நிமிர்த்தினார். எங்கிட்டோ எலுமிச்ச ரசம் வைக்கிறாங்க என்றார் மனைவியிடம். அந்தம்மா, மேல ஹோட்டலு இருக்கு, அங்கனருந்து வரும் என்றார்கள். அதெல்லாம் இல்ல, இந்தா இங்கனதான் வருது, காயத்த அள்ளிப் போட்டு எறக்கியிருக்கா மகராசி, பசியக் கெளப்பிருச்சு என்று அவர் எழுந்து நின்று நாலு பக்கமும் பார்த்தார். நானும் நாலு பக்கமும் பார்த்தேன். ரசம் எங்கேயும் இல்லை. அவர் பார்வை சுற்றி வந்து என் பக்கம் வந்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் மூக்குக்கு ஒரு கோளாறு உண்டு. காலையில் முதல் அரை மணி நேரம்தான் அது காயத்தைக் கண்டுபிடிக்கும், அதனால்தான் மூட்டை பார்க்கிற வேலையை விடிந்ததும் முடித்துவிடுவோம். அதற்குப் பிறகு உலகத்திலுள்ள எல்லா வாசமும் தெரியும், காயம் மட்டும் தெரியாது. மூன்று தடவை சீயக்காய் போட்டுக் கழுவினால் போய்விட்டது என்று நினைத்துக்கொள்வோம், ஏனென்றால் நமக்குத்தான் வரவில்லையே. வாசமே இல்லாத துணி என்று நான் அந்தப் பெண் முன்னால் முகர்ந்து காட்டிய முந்தானை. அவள் அரை அடி நகர்ந்தது. எல்லாம் சேர்ந்து வந்து காதுமடல் சுட்டது. இரண்டாயிரத்துச் சொச்சத்தில் சம்மருக்கென்றே வந்த சென்ட், என் மேல் பட்டதும் ரசமாகிவிட்டது.

முதலில் எழுந்து ஓடிவிடத்தான் தோன்றியது. எழவும் செய்தேன். ஆனால் அந்தப் பெரியவர் இன்னும் அங்கேயே நின்று, கண்ணை மூடி, இழுத்து இழுத்து முகர்ந்துகொண்டிருந்தார். மூக்கைப் பொத்தவில்லை. பசிக்கிறது என்கிறார். இருபத்தாறு வருஷத்தில் என்னை முகர்ந்துவிட்டு ஒரு மனிதன் நல்லதாக ஒரு வார்த்தை சொன்னது இன்றைக்குத்தான், அதுவும் அது நான்தான் என்று தெரியாமல். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன், பிறகு அது எந்தத் தண்ணீர் என்று எனக்கே சந்தேகமாகிவிட்டது. இந்தத் தமிழ்நாட்டில் எந்த வீட்டு அடுப்பில் நான் இல்லை. சாம்பாரில் இருக்கிறேன், ரசத்தில் இருக்கிறேன், மோரில் இருக்கிறேன், பிள்ளைக்கு வயிறு உப்பினால் தொப்புளில் தடவுகிறீர்கள். நாளைக்குக் காரில் என் பக்கம் திரும்பாமல் வரப்போகிறார்களே, அவர்கள் வீட்டு அஞ்சறைப் பெட்டியிலும் நான் பிசைந்த கட்டி இருக்கும். சட்டியில் இருந்தால் மணம், சேலையில் இருந்தால் நாற்றம், இது எந்த ஊர் நியாயம். இதைக் கழுவிக்கொண்டு வா, மூடிக்கொண்டு வா, மேலே எதையாவது தெளித்துக்கொண்டு வா என்றால் நான் வரமாட்டேன். வந்தால் இப்படித்தான் வருவேன். ஃபுட் கம்பெனி இல்லை, பெருங்காயக் கம்பெனி என்று கோயில் வாசலில் இல்லை, காரில் ஏறியவுடனே சொல்வேன். அதனால் கல்யாணம் நிற்கும் என்றால், நிற்கிற கல்யாணம் இப்போதே நிற்கட்டும். அப்படி நினைத்த மாத்திரத்தில் பயமும் திரும்ப வந்தது. வரட்டும்.

கடைக்குத் திரும்பி வந்தேன், சொன்ன சொல்லுக்கு வந்து சொல்லிவிட்டுப் போகவேண்டும் அல்லவா. ரோஸ்லினுக்கு ஆச்சரியம், நான் வருவேன் என்று எதிர்பார்க்கவில்லை. சரக்கு நல்ல சரக்குதான் பாப்பா, வெயிலுக்கு ஏத்ததுதான், ஆனா அடி இல்ல, இருபது நிமிஷத்துக்கு இந்த விலை அதிகம் என்றேன். அவள் சிரித்துவிட்டாள், நாங்களும் அதத்தான் பேசிக்குவோம்க்கா என்றாள் மெதுவாக. மேடம் போய் அக்கா வந்திருந்தது. அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. இலக்கியா. வாங்கிட்டியாம்மா என்றாள் எடுத்த எடுப்பில்.

"வாங்கல. வாங்கவும் மாட்டேன். நாளைக்குக் கார்ல ஏறுனதும் நான் பெருங்காயம் பிசையிறவன்னு என் வாயால சொல்லப்போறேன். எலுமிச்சம்பழத்த வச்சுக் கெளப்பிவிட நான் என்ன புது லாரியாடி?"

நான் விடவில்லை, என்னை முகர்ந்துதான் உனக்கு மாப்பிள்ளை கிடைக்கவேண்டும் என்றால் அப்படி ஒரு மாப்பிள்ளை வேண்டாம் என்கிற வரைக்கும் போனேன். ரோஸ்லின் கண்ணாடியைத் துடைக்கிற மாதிரி தள்ளிப் போய்விட்டாள். எல்லாம் கொட்டி முடித்து நான் மூச்சு வாங்கின பிறகுதான் இலக்கியா பேசினாள்.

"ஒனக்கு யாரும்மா கேட்டா? நான் எனக்குக் கேட்டேன்."

எனக்கு விளங்கவில்லை. உனக்கெதற்கு என்றேன்.

"எம்மேலயும் அடிக்குதும்மா. ஒனக்குத் தெரியாது."

ஒரே வீடு. ஒரே கொடியில் காய்கிற துணி, ஒரே பீரோ. அவள் பிறந்ததிலிருந்து தினமும் வேலை விட்டு வந்ததும் அவள் உச்சந்தலையை முகர்ந்திருக்கிறேன். ஒரு வாசமும் இருக்காது. பிள்ளை எவ்வளவு சுத்தமாக இருக்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன், சுற்றுவட்டாரத்தில் என் பிள்ளை மாதிரி யாரும் இல்லை என்று நினைத்துக்கொள்வேன். ஒரு வாசமும் இல்லை என்றால் என்ன அர்த்தம் என்று மூட்டை மூட்டையாக முகர்ந்தவளுக்குத் தெரிந்திருக்கவேண்டாமா. பத்தாம் வகுப்பு போட்டோவில் ஏன் அவள் ஓரத்தில் தனியாக நிற்கிறாள் என்று ஒருநாள் கேட்டிருக்கிறேன், வெயில் கண்ணைக் கூசுச்சு என்றாள். எப்போதிலிருந்து என்று கேட்டேன். மூணாவது படிக்கும்போதே தெரியும்மா, பெஞ்சுல பக்கத்துல உக்காரமாட்டாங்க என்றாள். ஆண்டு விழாவுக்கு நான் வரக்கூடாது என்றது என்னைப் பார்த்து அவர்கள் முகம் சுளிப்பதை நான் பார்த்துவிடக்கூடாது என்றுதானாம். தினகரும் ஒருநாள் கேட்டானாம், உன் மேல என்ன வாசம் என்று. எங்கம்மா ஃபுட் கம்பெனி என்று வாயில் வந்ததைச் சொன்னாளாம், அவன் அம்மா கேட்டபோதும் அதையே சொன்னாளாம். மாலின் வெளிச்சம் எல்லாம் கலங்கித் தெரிந்தது.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல."

"சொன்னா வேலைய விட்டுருப்ப. அப்பறம் நம்ம எதத் திங்கிறது?"

எட்டு வயதில் இந்தக் கணக்குப் போட்டிருக்கிறாள். நான் அவளை வளர்த்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். சரி, உனக்கு வேண்டுமா சொல், வாங்கிவிடுகிறேன் என்றேன். அவள் எப்படி இருக்கிறது என்று கேட்டாள். பொய் சொல்ல வரவில்லை. இருபது நிமிடம்தான் நிற்கும், கார் ஒன்றரை மணி நேரம் போகும், நம் உடம்பில் பட்டால் அந்த இருபது நிமிடமும் எலுமிச்சை ரசம், ஒரு பெரியவருக்குப் பசியே வந்துவிட்டது என்றேன். முதலில் அவள் சிரிப்பது கேட்டது, பிறகு மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அப்ப வேண்டாம்மா, நீ கெளம்பி வா என்றாள். நாளைக்குச் சொல்கிறது யார், நீயா நானா என்று கேட்டேன்.

"நான் சொல்றேன். நீ குறுக்க பேசாத."

"பேசல. அவங்க கார் கண்ணாடிய எறக்குனா?"

"எறக்கட்டும். நான் ஏத்திவிடுறேன்."